ஈரச்சுவர் எடுத்த வீடு

ரீவைண்டுக்கு அவன் வீட்டில் வைத்த பெயர் கல்லூரி வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. எதையும் நேராகப் பார்க்கத் தெரியாதவன். ஓடுகிற காட்சியை நிறுத்துவான், பின்னால் தள்ளுவான், மறுபடி ஓட்டுவான். அவனோடு உட்கார்ந்து ஒரு படத்தை முழுதாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அதை நட்பு என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். எனக்கு எழுந்து போகச் சோம்பல், அவ்வளவுதான்.

‘ஈரச்சுவர்’ என்று ஒரு துப்பறியும் தொடர் வந்தது. கொலையாளி யார் என்று சொல்வதற்குள் தயாரிப்பாளருக்கும் சேனலுக்கும் சண்டை வந்து நிறுத்திவிட்டார்கள். மிச்சக் கேஸை ரசிகர்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

அதில் ஒரு காட்சி ரொம்பப் பிரபலம். வெளியே மழை கொட்டுகிறது. கதாநாயகி விளக்கோடு ஹாலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாக நடக்கிறாள். நடுவில் ஒரு வெட்டு கிடையாது. பாதி வழியில், சுவருக்குப் பின்னாலிருந்து டங் டங்கென்று ஒரு சத்தம். இரும்பில் எதையோ விடாமல் தட்டுகிற மாதிரி. அவள் சட்டென்று திரும்பிப் பார்க்கிறாள், பிறகு நடக்கிறாள். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் எந்தப் பாகத்திலும் அதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை.

அந்தத் தட்டலை வைத்து ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து குடுமிப்பிடிச் சண்டை போட்டார்கள். சுவருக்குள் உயிரோடு அடைக்கப்பட்ட, கதாநாயகியின் அண்ணன் என்பது ஒரு கட்சி. வெறும் தண்ணீர்க் குழாய் என்பது இன்னொரு கட்சி. தந்திக் குறியீடாக வைத்துப் படித்து, கொலையாளி தோட்டக்காரன்தான் என்று நிரூபித்த ஒருத்தரும் உண்டு. தொடரில் தோட்டமே கிடையாது.

ரீவைண்டு அண்ணன் கட்சி. மழைச் சத்தத்தைக் கழித்துவிட்டு, தட்டலை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து, அதைத் தன் போனுக்கு ரிங்டோனாக வைத்திருந்தான். பஸ்ஸில் அது அடித்தபோது, டயருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். கூப்பிட்டது அவன் அம்மா. அந்த அம்மாவுக்கு மகன் சாப்பிட்டானா என்று சந்தேகம் வந்துகொண்டே இருக்கும்.

"சாப்ட்டேம்மா."

"என்ன சாப்ட்ட?"

அவனுக்குப் பொய் சொல்ல வராது. "பிஸ்கட்டு."

பஸ்ஸே கேட்டுக்கொண்டிருந்தது.

அந்தக் காட்சியை எடுத்த வீட்டைக் கண்டுபிடித்து, சுவரைத் தட்டிப் பார்த்து வீடியோ போட வேண்டும். அதுதான் பயணத்தின் நோக்கம். கையில் இருந்த தடயம் மூன்று: ஒரு ஜன்னல் கம்பி, அதற்கு வெளியே சாய்ந்த மின்கம்பம், தூரத்தில் தொப்பி போட்ட மாதிரி ஒரு தண்ணீர்த் தொட்டி. தொட்டியைச் சுற்றியுள்ள தெருக்களில், மற்றவர்கள் வீட்டு ஜன்னலை எட்டிப் பார்த்தபடி நடந்தோம். இஸ்திரி போடுகிறவர் பெட்டியைக் கீழே வைத்தார்.

"யாரைப்பா தேடுறீங்க?"

"ஒரு ஜன்னலைண்ணே," என்றான் ரீவைண்டு.

அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "திருடப் போறவன் இவ்வளவு உண்மையா பேச மாட்டான்," என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு, ரீவைண்டு போனில் காட்டிய ஜன்னல் போட்டோவைப் பார்த்து, கடைசி வீட்டைக் கை காட்டினார்.

கதவைத் திறந்த அம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். "ஈரச்சுவர்" என்றதும் முகம் மாறியது. விரட்டுவார் என்று நினைத்து நான் ஒரு படி இறங்கிவிட்டேன்.

"உள்ள வாங்க தம்பி. செருப்பு கிடக்கட்டும்."

ரீவைண்டு ஹாலில் கால் வைத்ததும் அப்படியே நின்றான். தரையில் மூலை உடைந்த ஓடு இருந்தது. கதாநாயகி தாண்டிப் போன அதே ஓடு. குனிந்து தொட்டுப் பார்த்தான். அந்த அம்மா டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அவன் வீடியோ எடுக்கப் போனை எடுத்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து, மேஜை மேலேயே வைத்துவிட்டான்.

"நீங்க அந்த நாடகத்தை நல்லாப் பார்த்திருக்கீங்களா?"

"இவன் நல்லா இல்லம்மா, அளவுக்கு மீறிப் பார்த்திருக்கான்," என்றேன்.

"நான் பார்த்ததில்ல. பையன் பார்க்க விடல. அவன்தான் ஷூட்டிங்குக்கு வீட்டை விட்டது. அவனைக் கேட்டாலும் சொல்ல மாட்டேங்குறான். உங்களைத்தான் கேக்கணும்."

சமையலறையைக் காட்டினார். ஹாலுக்கு இந்தப் பக்கம் அது. ஹாலுக்கு அந்தப் பக்கம், மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு அறை.

"என் வீட்டுக்காரர் அங்க படுத்திருந்தார். பக்கவாதம். பேச்சு போயிடுச்சு. ஒரு கைதான் அசையும். கட்டில் கம்பியில ஒரு டம்ளரைக் கயித்துல கட்டி விட்டிருந்தேன். ஒரு தட்டுன்னா தண்ணி. ரெண்டு தட்டுன்னா பாத்ரூம். விடாம தட்டினா ஒண்ணும் வேணாம், சும்மா பக்கத்துல வந்து உக்காருன்னு அர்த்தம்." சிரிக்கப் பார்த்தார். "நல்லா இருந்தப்ப ஒரு நாள் உக்காருன்னு சொன்னதில்ல மனுஷன்."

நான் ரீவைண்டைப் பார்க்கவில்லை. அவனும் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் டீயைப் பார்த்தோம்.

"அன்னைக்கு மழை சீன். மொட்டை மாடியில குழாய் வச்சு ஊத்துனாங்க, ஒரே இரைச்சல். நான் சமையலறையில நின்னேன். அவர்கிட்டப் போகணும்னா கேமராவுக்கு முன்னால போகணும். ஷூட்டிங் ஆள் ஒருத்தன் வாயில விரல் வச்சு, அசையாதீங்கன்னு நிறுத்திட்டான். நடுவுல எனக்குத் தட்டுற மாதிரி கேட்டுச்சு. மாதிரிதான். மழையில சரியாத் தெரியல. முடிஞ்சதும் எல்லாரும் கை தட்டுனாங்க. நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். உயிர் போயிருந்துச்சு."

டீ டம்ளர் விளிம்பைத் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"தூக்கத்துலயே போயிட்டார்னு என் பையன் சொல்றான். இருக்கலாம். எனக்கு ஒண்ணுதான் தெரியணும் தம்பி. அந்தச் சத்தம் நாடகத்துல விழுந்திருக்கா?"

நாடு முழுக்க அந்தச் சத்தத்துக்கு ரசிகர் மன்றம் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

"இல்லம்மா," என்றேன். "மழைச் சத்தம் மட்டும்தான்."

"நல்லாத் தெரியுமா?"

அந்த அம்மா ரீவைண்டைப் பார்த்தார். பிஸ்கட்டைப் பிஸ்கட் என்று சொல்கிறவன். அவன் உடைந்த ஓட்டையே பார்த்துக்கொண்டு இருந்தான்.

"ஆயிரம் தடவை பார்த்திருக்கேம்மா," என்றான். "மழை மட்டும்தான்."

எனக்குத் தெரிந்து அவன் பிசகாமல் சொன்ன முதல் பொய். அந்த அம்மா அப்படியே நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். தோள் கீழே இறங்கியது. ரொம்ப நாள் தூக்கிச் சுமந்த குடத்தை இறக்கி வைத்தவர் மாதிரி இருந்தார்.

"அப்பாடா," என்றார். "பைத்தியம் மாதிரி நானா நினைச்சுக்கிட்டு..."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன் மேஜை மேல் இருந்தது. கையை நீட்டினேன்.

டங் டங் டங் டங்.

ரீவைண்டின் அம்மா. மகன் சாப்பிட்டானா என்று தெரிய வேண்டும்.

நாற்காலியில் இருந்த அம்மா கண்ணைத் திறப்பதற்கு முன்பே எழுந்துவிட்டார். "தோ வந்துட்டேன்," என்று சொல்லிக்கொண்டே ஹாலைக் குறுக்காகக் கடந்தார். உடைந்த ஓட்டைப் பார்க்காமலே தாண்டினார். கதவைத் தள்ளி உள்ளே போனார். ரீவைண்டு பதறிப்போய்ப் போனை அமுக்கினான். சத்தம் நின்றது.

உள்ளே ஒரு இரும்புக் கட்டில். மெத்தை சுருட்டி வைத்திருந்தது. கம்பியில் கயிறு மட்டும் தொங்கியது. அந்த அம்மா கட்டிலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"அன்னைக்கும் சத்தம் இப்படித்தான் நின்னுச்சு," என்றார்.

ரீவைண்டு அழத் தொடங்கினான். "மன்னிச்சுக்குங்கம்மா. எங்களுக்குத் தெரியாதும்மா. அழிச்சுடறேன், இப்பவே அழிச்சுடறேன்."

அவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை. மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டார். ஒரு கையைக் கம்பியில் வைத்தார்.

"அழிக்காதே. யார் கூப்பிட்டது?"

"எங்கம்மா."

"மறுபடி கூப்பிடுவாங்களா?"

"கூப்பிடுவாங்க. எடுக்கலன்னா கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க."

"எடுக்காதே," என்றார்.

போன் அடித்தது. ரீவைண்டு அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்த அறையின் வாசல்படியில் நின்றான். அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது.