சாட்சி நாற்காலி

ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். வெந்நீர் போட்டுக் குளித்தான். சட்டையின் முன்பக்கத்தை மட்டும் இஸ்திரி போட்டான். முதுகை யார் பார்க்கப் போகிறார்கள். டீயை நின்றபடியே குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். எட்டே முக்கால் பஸ். ஒன்பதரைக்கு அலுவலக வாசல். மனைவி இறந்து நாலு மாதமாகிறது. அதற்கு முன்பும் இதே பஸ்தான்.

அலுவலகம் அவனுடையது இல்லை. பெரிய தலைவர் ஒருவர் அரசியலுக்குப் போகும் முன் வக்கீல் தொழில் பார்த்த இடம். மாடியில் இரண்டே அறைகள். அவர் கடைசியாக எழுந்து போன நாளில் எப்படி இருந்ததோ அப்படியே வைத்திருக்கிறார்கள். அதைக் கட்டிக் காப்பதுதான் அவன் உத்தியோகம்.

கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன சார், தலைவர் வந்தாச்சா?"

"இன்னும் இல்ல."

"வந்தா சொல்லுங்க. என் மச்சான் கேஸ் பதினாலு வருஷமா இழுத்துக்கிட்டுக் கிடக்கு. இவராவது முடிச்சு வைக்கட்டும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆமா, நேத்து ஏழரைக்கு நான் கடை திறக்குறப்பவே வந்துட்டீங்களா? மேல நாற்காலி இழுக்குற சத்தம் கேட்டுச்சே."

"ஆமா," என்றான். பொய் இப்போதெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

உள்ளறையில் நாற்பத்தொரு பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் ஆல்பத்தில் ஒரு படம் உண்டு. பார்வையாளர்களுக்குத் திறக்கும் முன் படத்தையும் பொருளையும் ஒத்துப் பார்த்து டிக் போட வேண்டும். கண்ணாடிக் கூடு சரி. மைக்கூடு சரி. டைப்ரைட்டரும் சரி. அதில் செருகிய தாள் பாதியில் நிற்கிறது. ஏதோ சொத்து வழக்கில் ஒரு விதவை கொடுத்த வாக்குமூலம். 'என் கணவர் கடைசியாகச் சொன்னது' என்பதோடு வரி அறுந்துவிட்டது. அந்த நிமிஷம்தான் பதவியேற்க வரச்சொல்லித் தலைநகரிலிருந்து தந்தி வந்ததாம். தலைவர் எழுந்தார், குமாஸ்தா எழுந்தார், தெருவே மாடியேறி வந்தது. அந்த அம்மாளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் அந்த அம்மாள் வரவே இல்லை.

டைப்ரைட்டருக்கு மேலே தலைவர் கையெழுத்தில் ஓர் அட்டை: 'சாட்சி சொன்ன வார்த்தையை மட்டும் அடி. அழகு பண்ணாதே.' பார்க்க வருகிறவர்களுக்கு அதைப் படித்துக் காட்டுவான். சிரிப்பார்கள்.

சாட்சி நாற்காலி மட்டும்தான் சரியில்லை. அந்த அம்மாள் எழுந்தபோது தள்ளிய கோணத்திலேயே அது இருக்க வேண்டும். தரையில் கால்களுக்கு நாலு வெள்ளைப் புள்ளி வைத்திருக்கிறார்கள். மூன்று வாரமாக, காலையில் பார்த்தால் புள்ளியை விட்டு டைப்ரைட்டர் பக்கம் நகர்ந்திருக்கிறது. முதலில் விரற்கடை. பிறகு ஒரு சாண். இன்று மேஜையையே தொட்டுக்கொண்டிருந்தது. அறைக்கு ஒரே சாவி, அது அவன் இடுப்பில். அவன் பயப்படவில்லை. பயப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் உயிர் வேண்டும். தூக்கிப் புள்ளியில் வைத்து டிக் போட்டான். இருக்கையின் பிரம்பு, இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி சூடாக இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால்தான் அத்தை, அவன் மாமியார், அதைக் கேட்டாள். "அவ கடைசியா சொன்னதை உங்க கையால ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க மாப்பிள்ளை. பிரேம் போட்டு மாட்டணும்." இன்று வாங்கிப் போக வருகிறாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தை அவன் சட்டையைப் பிடித்து, மகள் கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டபோது, 'அம்மாகிட்ட சொல்லுங்க, எனக்கு வலி இல்லன்னு' என்று அவன் வாயில் வந்தது. வந்ததே தவிர, அது மனைவி சொன்னதில்லை. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் அத்தை எழுந்து நடமாடுகிறாள். வாயால் சொன்னதோடு போயிருந்தால் பரவாயில்லை. எழுத உட்கார்ந்தால் பேனா ஓடவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால், அவனுக்கென்று மிச்சமிருக்கும் ஒரே மனுஷியும் கைவிட்டுப் போய்விடுவாள்.

பதினொரு மணிக்கு மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். முன்னறை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, நடைக்கோடியில் இருந்த குடத்தில் தண்ணீர் எடுக்கப் போனான். திரும்பி வந்தால் பெஞ்ச் காலி. உள்ளறையில், தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம், சாட்சி நாற்காலியில் அத்தை உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை! அதுல உட்காரக் கூடாது."

"எனக்குத் தெரியாதா? அந்தம்மாதான் கூப்பிட்டு, எழுந்து இடம் கொடுத்தாங்க."

"எந்தம்மா?"

"துணிப்பை வெச்சிருந்தாங்களே. இப்பதான் போனாங்க. உங்களைத் தாண்டித்தானே போயிருக்கணும்?"

நடை ஒரு ஆள் அகலம். அவனை யாரும் தாண்டவில்லை. நாற்காலி மறுபடி மேஜையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"நீங்க இழுத்துப் போட்டுக்கிட்டீங்களா?"

"நல்லா இருக்கே! என் முட்டி இருக்கிற லட்சணத்துக்கு என்னை இழுக்கவே ஆள் வேணும்."

"அவங்க பேசினாங்களா?"

"பேசாம? புருஷன் போயிட்டாராம். கடைசியா என்ன சொன்னார்னு இங்க எழுதிக் கொடுக்க வந்தாங்களாம். நல்லதா ஒண்ணு சோடிச்சு வெச்சிருந்தாங்களாம். டைப் அடிக்கிறவர் விடலையாம். 'அழகு பண்ணாதீங்கம்மா, உள்ளபடி என்ன சொன்னார்?'னு குடைஞ்சாராம். சரி, சொல்லித் தொலைச்சிடலாம்னு வாயைத் திறந்தா, எல்லாரும் எழுந்து போயிட்டாங்களாம்." அத்தை லேசாகச் சிரித்தாள். "'அன்னையிலேர்ந்து திறந்த வாய் மூடலை'ங்கறாங்க. வேடிக்கையான மனுஷி."

அத்தைக்கு இந்த அறையின் கதை தெரியாது. அவன் ஒருநாளும் சொன்னதில்லை.

"போறப்ப ஒண்ணு சொன்னாங்க மாப்பிள்ளை." சிரிப்பு நின்றிருந்தது. "'உங்க மாப்பிள்ளையை இன்னைக்கே கேட்டுடுங்க. விட்டா அப்புறம் கேட்க ஆள் இருக்காது'ன்னாங்க. நான் என்னத்தைக் கேட்கணும்? நீங்கதான் எல்லாம் சொல்லிட்டீங்களே."

அவன் கயிற்றைத் தாண்டினான். கால் தானாக அவனை டைப்ரைட்டர் முன்னிருந்த குமாஸ்தாவின் ஸ்டூலில் கொண்டுபோய் உட்காரவைத்தது. இரண்டு வருஷ உத்தியோகத்தில் அதில் உட்கார்ந்ததில்லை. டைப்ரைட்டரின் உருளை ஓர் எழுத்து இடம் நகர்ந்து 'டக்' என்றது. யார் கையும் அதன்மேல் இல்லை.

அத்தை அதைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"தம்பி," என்றாள். கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டவள். "வலி இல்லன்னு அவ சொல்லல. இல்லையா?"

"நான் அங்க இல்ல அத்தை. அவ போனப்ப நான் பக்கத்துல இல்ல. காலையில ஒன்பது மணிக்கே ஆஸ்பத்திரியிலேர்ந்து கிளம்பி இங்க வந்துட்டேன். திறக்கணுமேன்னு. அன்னைக்கு ஒரு ஈ காக்கா வரல."

இப்போது எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தான். அவள் போகவில்லை. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சரி," என்றாள். "நீ கிளம்பறப்ப பேசினாளா?"

"பேசினா."

"என்ன சொன்னா?"

"'இன்னைக்கு ஒரு நாள் பூட்டியே இருக்கட்டுமே'ன்னா."