மலக்கி இடித்த சந்தைக் கட்டடம்

எங்கள் சின்ன ஐரிஷ் ஊரான டிரம்காராவில் வியாழக்கிழமை சந்தை. ஊர் நடுவே நின்ற சந்தைக் கட்டடத்தின் கீழ்த்தளம் முழுக்கக் கல் வளைவுகள். அவற்றுக்கு அடியில்தான் பெண்கள் முட்டையும் வெண்ணெயும் கோழியும் விற்றார்கள். மேலே ஒரு பெரிய கூடம். பஞ்ச காலத்தில் அங்கே மாவு அளந்து கொடுத்தார்கள். பிறகு கோர்ட் நடந்தது. சுதந்திரச் சண்டையின்போது பிரிட்டிஷ் சிப்பாய்கள் தங்கியிருந்து, போகும்போது கூரையை எரித்துவிட்டுப் போனார்கள். ஊரார் கூரையைத் திரும்பப் போட்டு நடனக் கூடமாக்கிக்கொண்டார்கள். என் அம்மாவும் அப்பாவும் அங்கே ஆடிப் பழகியவர்கள்தான். நான் எதிரே இருந்த மருந்துக் கடையில் வேலை பார்த்தேன். நாள் முழுக்க என் கண்ணெதிரே அந்தக் கட்டடம்தான்.

டீலியா டூஹி தெருவோரம் இருந்த கடைசி வளைவில் உட்காருவாள். கணவன் மலக்கி இங்கிலாந்தில் கட்டட வேலைக்குப் போயிருந்த வருஷங்களில், அவன் பணம் வந்தாலும் வராவிட்டாலும், குடும்பத்தை ஓட்டியது அவளுடைய முட்டைக் கூடை. கடைசியில் மலக்கி நெஞ்சுச் சளியோடு திரும்பி வந்தான்.

"இனிமே கப்பல் ஏற மாட்டேன். மண்ணு சுமந்தாலும் இங்கயே சுமக்கறேன்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னான். ஊரில் மண் சுமக்கவும் வேலை இல்லை.

அந்த இலையுதிர் காலத்தில், பீட்கிழங்கு ஏற்றி வந்த லாரி ஒன்று திரும்பும்போது கட்டடத்தின் மூலைத் தூணில் இடித்தது. தூணில் விரிசல் விட்டது. மாவட்ட ஆபீசிலிருந்து ஒரு என்ஜினியர் வந்தார். குடை நுனியால் தட்டிப் பார்த்தார், போனார். அடுத்த நகரசபைக் கூட்டத்தில் கட்டடம் ஆபத்தானது, இடித்தால் சாலையையும் அகலப்படுத்தலாம் என்று முடிவாகிவிட்டது. சந்தைப் பெண்களுக்கு ஆற்றோரம் புதுக் கொட்டகை போட்டுத் தருவார்களாம்.

டீலியா நேரே நகரசபை உறுப்பினர் கெரட்டியின் இரும்புக் கடைக்குப் போனாள். அவருடைய மனைவிக்கு மருந்து கொடுக்க நானும் அங்கே போயிருந்தேன்.

"மொதல்ல கொட்டகையப் போடுங்க. அப்புறமா இத இடிங்க" என்றாள்.

"போடாம இருப்பமா? அதுக்குப் பணம் டப்ளின்லேருந்து வரணும், டீலியா."

"இடிக்கிறதுக்கு?"

"அது வந்துடுச்சு" என்றார் கெரட்டி.

ஆணி வாங்க வந்திருந்த கிழவர் ஒருவர் குறுக்கே புகுந்தார். "யாரு கட்டுன கட்டடம் அது? நம்ம முப்பாட்டனுங்கள வீட்ட இடிச்சுத் தெருவுல தள்ளுன ஜமீந்தார் கட்டுனது. இன்னிக்கும் அவன் முத்திரை மேல இருக்கு. ஒழியட்டும் விடும்மா."

"ஜமீந்தார் செத்து மண்ணாப் போயாச்சு. இப்ப அடியில உக்காந்திருக்கறது நான்தான். யாரு கட்டுனதுன்னு கேட்டுக்கிட்டா மழை பெய்யுது?"

கெரட்டி சிரித்தார். "நானும் உன் கட்சிதான், டீலியா."

"அப்ப கூட்டத்துல ஏன் கையத் தூக்குனீங்க?"

"எல்லாரும் தூக்குனாங்க" என்று சொல்லிவிட்டு ஆணி நிறுக்கத் திரும்பிக்கொண்டார்.

அடுத்த வியாழன், பக்கத்து வளைவில் வெண்ணெய் விற்கும் வின்னி மக்ரா வாயில் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள். "என்னடி டீலியா, உன் வீட்டுக்காரரு கொல்லன்கிட்ட கடப்பாரையத் தீட்டக் குடுத்திருக்காராமே? உருளைக்கிழங்கு தோண்டவா?"

டீலியாவுக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது. இடிக்கும் கான்ட்ராக்டரிடம் மலக்கி வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அன்று வீட்டில் நடந்ததை அவளே பிறகு என்னிடம் சொன்னாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமில்ல?"

"சொன்னா என்ன பண்ணிருப்ப?"

"ஒண்ணும் பண்ணிருக்க முடியாது. வின்னி வாயால கேக்காமலாவது இருந்திருப்பேன்."

மலக்கி அடுப்பைக் கிளறிக்கொண்டே சொன்னானாம். "நான் போகலேன்னா வெளியூர்க்காரன் ஒருத்தன் வருவான். கட்டடம் எப்படியும் போகப்போகுது. இந்த வேலையும் இல்லேன்னா நான் கப்பல்தான் ஏறணும். எது வேணும்னு நீயே சொல்லு."

டீலியா மறுநாள் காலையில் எழுந்து அவனுக்கு ரொட்டியும் பன்றிக்கறியும் கட்டிக் கொடுத்தாள்.

கூரை சீக்கிரமே இறங்கிவிட்டது. சுவர்தான் அசையவில்லை. பலத்த காற்றடித்தாலே சாயும் என்று சொன்ன சுவரில் சங்கிலி கட்டி டிராக்டரால் இழுத்தார்கள். சங்கிலி அறுந்தது. அதைவிடத் தடியான சங்கிலி கொண்டு வந்தார்கள். டிராக்டரின் முன்சக்கரங்கள் தூக்கிக்கொண்டு நின்றன. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் முதலில் கேலி செய்தார்கள். "தள்ளி நில்லுங்கப்பா, ஆபத்தான கட்டடம்" என்று ஒருவன் கத்த, தெருவே சிரித்தது. இரண்டு வாரம் போனபின் யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கட்டடத்துக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. எல்லோரும் சும்மா நின்று பார்த்தோம்.

கெரட்டியும் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். டீலியா அவரிடம் போனாள்.

"நிறுத்தச் சொல்லுங்க. பாக்கறீங்கள்ல?"

"பாக்கறேன். ஆனா கூரை போயிடுச்சே, டீலியா."

"திருப்பிப் போடுங்க. எரிஞ்சப்போ போட்டாங்கல்ல?"

"அன்னிக்குப் போட்டாங்க. இன்னிக்கு யாரு போடுவா? யாரு உத்தரவு குடுப்பா?"

"அந்த என்ஜினியரக் கேளுங்க."

"அவரு வேற மாவட்டத்துக்கு மாத்தலாகிப் போயாச்சு" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

சுவர் மேல் நின்ற மலக்கி கீழே மனைவியைப் பார்த்துவிட்டான். கடப்பாரை அவன் கையில் நின்றது. மேஸ்திரி கீழிருந்து அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். மலக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி குத்த ஆரம்பித்தான். சங்கிலிக்கு அசையாத சுவரைக் கடைசியில் மனிதர்கள் ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்துத்தான் இறக்கினார்கள். கிறிஸ்துமஸுக்குப் பிறகும் அது நடந்தது. தூசியில் மலக்கியின் இருமல் மருந்துக் கடை வரைக்கும் கேட்கும்.

கல்லையெல்லாம் கொண்டுபோய் ஆற்றோரச் சேற்றில் கொட்டினார்கள். அங்கேதான் கொட்டகை வரும் என்றார்கள். நாலு முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டினார்கள். அதோடு சரி.

வியாழக்கிழமைகளில் பெண்கள் வெறுந்தரையில் நின்றார்கள். கூண்டுக்குள் கோழிகள் நனைந்து ஒடுங்கிக் கிடந்தன. வின்னி, ஒரு மளிகைக் கடையின் பின்வாசலில் கடைக்காரன் சொன்ன விலைக்கு வெண்ணெயைப் போட்டுவிட்டு வீட்டோடு இருந்துகொண்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக வருவதை நிறுத்திவிட்டார்கள். டீலியா மட்டும் கூடையோடு ஒரு கடை வாசலிலிருந்து இன்னொரு கடை வாசலுக்கு ஒதுங்கினாள். எல்லோரும் மரியாதையாகத்தான் தள்ளிப் போகச் சொன்னார்கள். என் முதலாளிகூடத் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் சொன்னார்.

கட்டடம் தீர்ந்ததும் மலக்கியின் வேலையும் தீர்ந்தது. கான்ட்ராக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார். வேறு வேலை தேடி அலைந்து பார்த்துவிட்டு, வசந்தத்தில் அவன் கப்பலுக்குப் புறப்பட்டான். துறைமுகத்துக்குப் போகும் பஸ், இடித்த காலி இடத்திலிருந்துதான் கிளம்பியது. அன்று நல்ல வெயில். சாராயக் கடையிலிருந்து வெளியே வந்த ஒருவன் மலக்கியின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"சுத்தமா முடிச்சிட்டய்யா. ஒரு கல்லுகூட விடலையே" என்றான். உண்மையாகவே பாராட்டினான். மலக்கி தலையை ஆட்டினான்.

"மருந்து மேல் பையில இருக்கு. ராத்திரி ஈரத்துல நிக்காத" என்றாள் டீலியா.

"சரி" என்றான்.

பஸ் போனபின் அவள் மருந்துக் கடைக்குள் வந்தாள். எதுவும் வாங்கவில்லை. கண்ணாடி வழியாகக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரோட்ட எப்ப அகலப்படுத்துவாங்களாம்?" என்று கேட்டாள்.

"தெரியலயே, டீலியா" என்றேன். அந்த ரோட்டைக் கடைசிவரை அகலப்படுத்தவே இல்லை. சில வருஷம் கழித்துப் புது ரோட்டை ஊருக்கு வெளியே போட்டுவிட்டார்கள். அதற்குள் டீலியாவும் வீட்டைப் பூட்டிக்கொண்டு மலக்கியிடம் போய்விட்டாள். ஆனால் அன்றைக்கு இதெல்லாம் எங்கள் இருவருக்கும் தெரியாது. உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"இல்ல, கோழிக்கு இன்னும் தீனி வைக்கல" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.