செல்வா வேலைக்குப் போயிருக்கான்

அந்த மோட்டார் சைக்கிள் இரண்டு வருடமாக வாடகை வீட்டின் முன்பக்கம் நின்றது. நின்றது என்று சொல்வதும் சரியில்லை. முன்சக்கரம் வளைந்து உள்ளே மடங்கியிருந்ததால் சுவரில் சாய்ந்து கிடந்தது. மேலே ஒரு நீலக் கித்தான். மழைக்காற்று அடிக்கும்போது கித்தான் உப்பி எழும். உள்ளே யாரோ குனிந்து உட்கார்ந்துகொண்டு வெளியே வர வழி தேடுவது போல இருக்கும். ஷாமளா அந்தப் பக்கம் திரும்பாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவாள்.

மோட்டார் அவள் தம்பி செல்வாவுடையது. சிம்பாங் ரெங்கத்தில் நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவில், செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால், ஒரு மழை நாளில் அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். வண்டிக்கு ரோட் டேக்ஸ் கட்டாமல் விட்டிருந்தான். அதனால் இன்சூரன்ஸ் ஒரு காசு தராது என்று சொல்லிவிட்டார்கள். கடனுக்கு ஜாமீன் போட்டவள் ஷாமளா. ஓட்டியவன் போன பிறகும், ஓடாத வண்டிக்கு மாதா மாதம் தவணை போய்க்கொண்டிருந்தது. கடன் முடியும்வரை வண்டி கடன் கொடுத்தவர்களின் சொத்து. பழைய இரும்புக்குக்கூடப் போட முடியாது.

காலையில் அம்மா வாசுகி ஒரு கிளாஸ் கோப்பி கலக்கிக் கித்தானுக்குப் பக்கத்தில் வைப்பாள். சாயங்காலம் ஷாமளா திரும்பி வரும்போது அதில் எறும்பு மிதக்கும். அவள் சாக்கடையில் கொட்டிவிட்டுக் கிளாஸைக் கழுவி வைப்பாள். இதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை.

செல்வாவின் கைப்பேசியையும் அம்மா விடவில்லை. தவணை ஒரு நாள் தள்ளிப்போனாலும் அதில் அழைப்பு வந்துவிடும். மலாய்க்காரப் பெண் குரல் ஒன்று, “என்சிக் செல்வா அடா?” என்று கேட்கும். செல்வா இருக்கிறாரா? அம்மா சமையல்கட்டிலிருந்து ஈரக்கையோடு ஓடி வந்து எடுப்பாள்.

“டியா பெர்கி கெர்ஜா,” என்பாள். அவன் வேலைக்குப் போயிருக்கான்.

கடன் கேட்டு வரும் போனுக்கு அந்த வரிசையில் எல்லா வீட்டிலும் சொல்லும் பதில்தான் அது. அதனால் ஷாமளாவுக்கு எதுவும் தோன்றவில்லை.

விலைக்கு வீடு பார்க்கப் போன அன்றும் தோன்றவில்லை. வீட்டு ஏஜெண்டு விஜயன் கூட்டிப்போய்க் காட்டிய வீடு செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வரிசையில் கடைசி. மூன்று அறைகள். ஷாமளா தண்ணீர்க் குழாய்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, அம்மா உள்ளே இருந்த சின்ன அறையின் ஜன்னலைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தாள்.

“இது தம்பிக்கு. காத்து நல்லா வருது,” என்றாள்.

விஜயன் ஷாமளாவைப் பார்த்தார். “தம்பி படம் வைக்கச் சொல்றாங்கண்ணே,” என்றாள் அவள் அவசரமாக.

“வைக்கலாம், தாராளமா வைக்கலாம்.” விஜயன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஆனா மாசக் கடைசிக்குள்ள டெபாசிட் கட்டிடணும் ஷாமளா. ஸ்கூடாயிலேர்ந்து ஒரு ஃபேமிலி வந்து பாத்துட்டுப் போயிருக்கு. இன்னொண்ணு, அந்த மோட்டார் கடன் உங்க பேர்ல தொங்குது. அத முடிக்காம பேங்க்ல லோன் பாஸாவாது லா.”

டெபாசிட்டுக்கு என்று அவள் சேர்த்ததெல்லாம் ஓவர்டைம் பணமும், கம்பெனித் தோழிகளோடு கூட்டுச் சீட்டுப் போட்டு எடுத்த பணமும்தான். அதில் கடனை முடித்தால் டெபாசிட் குறையும். கடனை விட்டால் லோன் இல்லை. முதலில் கடன், மிச்சத்துக்கு யார் காலிலாவது விழுவோம் என்று முடிவுசெய்து லீவு எழுதிக் கொடுத்தாள்.

குளுவாங்கில் இருந்த அந்தக் கடன் ஆபீஸுக்கு ஒவ்வொரு மாதமும் போய்க் கட்டி வந்தது அம்மாதான். அன்றைக்கு மட்டும் நல்ல சேலை கட்டுவாள், பவுடர் போடுவாள். செல்வா இறந்த புதிதில் மரணச் சான்றிதழையும் அவள் கையில்தான் ஷாமளா கொடுத்து அனுப்பினாள். ‘செத்தாலும் ஜாமீன் போட்டவங்க கட்டித்தான் ஆவணுமாம்’ என்று அம்மா வந்து சொன்னாள். அவ்வளவுதான்.

“குடு பாப்பா, நானே போயிக் கட்டிட்டு வரேன்.”

“கடன மூடறதுக்கு நான் கையெழுத்துப் போடணும்மா.”

“லீவு எடுத்தா சம்பளத்த வெட்டுவான்.”

“வெட்டட்டும்.”

அம்மா கேட் வரைக்கும் வந்தாள். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “கவுண்டர்ல ஒரு பொண்ணு இருக்கும். அதுகிட்ட ரொம்பப் பேச்சுக் குடுக்காத,” என்றாள்.

கவுண்டரில் இருந்த பெண்ணின் பெயர் லோஷினி என்று சட்டையில் குத்தியிருந்தது. ஷாமளா நீட்டிய அடையாள அட்டையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“அலமாக்! செல்வா அண்ணனோட அக்காவா? அவரு ஐசி போட்டோல பாத்த அதே மூக்கு! ஆன்ட்டி வரலயா? நல்லா இருக்காங்களா?”

“இருக்காங்க.”

“அண்ணன் சிங்கப்பூர்லேர்ந்து வந்துட்டாரா?”

ஷாமளாவுக்குக் கேள்வி புரியவில்லை. “யாரு?”

“என்னாக்கா யாருங்கறீங்க? தம்பி அங்க சூப்பர்வைசர் ஆனதும் மறந்துட்டீங்களா? ஆன்ட்டி லட்டு கொண்டாந்து குடுத்தாங்களே. கார் வேணாம், மோட்டார்லயே கடல் பாலத்தத் தாண்டிப் போறேன்னு அடம் பிடிக்கறாராமே. பாவம், ஆன்ட்டிக்கு மழ பேஞ்சாலே பயம்.” லோஷினி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “கட்டிக்கப் போற மெர்சிங் பொண்ணு பேர மட்டும் சொல்லவே மாட்டேங்கறாங்கக்கா. டீச்சர்ன்னு மட்டும் சொன்னாங்க. கண்ணு பட்டுடுமாம். வீடு வாங்கறதுகூட அண்ணன் கல்யாணத்துக்குத்தானாம். எப்பக்கா கல்யாணம்?”

அவன் செத்துவிட்டான் என்று சொல்ல ஷாமளா வாயைத் திறந்தாள். உண்மையாகவே அதைச் சொல்லத்தான் திறந்தாள்.

“தை மாசம்,” என்றாள்.

சொன்னதும், அந்த ஆபீஸின் குளிரில், தனக்குப் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியில் யாரோ ஹெல்மட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல ஒரு கனம். அவள் திரும்பவில்லை. திரும்பாமலே தெரிந்தது. லேசாகத் தொப்பை போட்டிருந்தான். சாகும்போது அவனுக்கு அது இல்லை. இந்த இரண்டு வருடத்தில் வந்த தொப்பை.

லோஷினி கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே பேசினாள். “இன்னிக்கு மூடிட்டா எல்லாம் கிளியர்க்கா. இதுல உயிர் இன்சூரன்ஸ் ஒண்ணும் சேத்துப் பிடிச்சிருக்காங்க. அதுவும் இன்னியோட முடிஞ்சிடும். நல்லா இருக்கறவங்களுக்கு அது சும்மா வேஸ்ட்.”

“உயிர் இன்சூரன்ஸா? ரோட் டேக்ஸ் இல்லன்னா கிடைக்காதே.”

“அது வண்டிக்குப் போடறது அக்கா. இது கடனுக்கு. கடன் வாங்கனவரு செத்துட்டா மிச்சத்த இதுவே கட்டிடும்.” நாக்கைக் கடித்துக்கொண்டாள். “சீ, கல்யாண நேரத்துல என் வாயக் கழுவணும்.”

ஷாமளா பணம் இருந்த பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “செத்தது தெரியாம வீட்ல கட்டிக்கிட்டே இருந்தா?”

“யாருக்கா அப்படிக் கட்டுவாங்க!” லோஷினி சிரித்தாள். “அப்படிக் கட்டியிருந்தா, செத்த தேதிக்கு அப்பறம் கட்டனதயெல்லாம் திருப்பிக் குடுக்கணும். ஆனா கடன மூடறதுக்கு முன்னாடி வந்து சொல்லணும். மூடிட்டா முடிஞ்சு போச்சு. ஏங்க்கா கேக்கறீங்க?”

“கம்பெனில ஒருத்தவங்களுக்கு,” என்றாள் ஷாமளா. எழுந்தாள். “நாளைக்கு வரேன். பணம் கொஞ்சம் குறையுது.”

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவள் ஜன்னல் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. ஒரு ஆள் வந்து உட்காரப் போனபோது, ஆள் இருக்கு என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டாள்.

வீட்டில் கித்தான் பாதி தூக்கியிருந்தது. அம்மா தரையில் உட்கார்ந்து உடைந்த பக்கவாட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையிலேயே, என்ன நடந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும் என்பது தெரிந்தது.

“பேசிட்டியா?”

“லட்டு வாங்கிக் குடுத்தியாம்.”

அம்மா துணியை மடித்தாள்.

“சர்டிபிகேட் எங்கம்மா? அன்னிக்குக் குடுத்தேனே, அது எங்க?”

“குடுக்கத்தான் போனேன் பாப்பா. பையில வெச்சிக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன். அந்தப் பொண்ணு சிரிச்சிக்கிட்டே, ‘செல்வா அம்மாவா? செல்வா எப்படி இருக்காரு’ன்னு கேட்டுச்சு. இங்க ஒருத்தரும் அப்படிக் கேக்கல. என்னப் பாத்தா எல்லாரும் தலையக் குனிஞ்சிக்கிட்டுப் போறாங்க. அந்தப் பொண்ணு கேட்டுச்சு. நல்லா இருக்கான்னு சொல்லிட்டேன்.” அம்மா மூச்சு விட்டாள். “சொன்னதும் நல்லா இருந்தான் பாப்பா. அடுத்த மாசம் போனப்பயும் இருந்தான். அப்பறம் எப்படி மாத்திச் சொல்லுவேன்?”

“ரெண்டு வருஷம்மா! நின்னு நின்னு என் இடுப்பு செத்துப் போச்சு. கட்ட வேண்டியதே இல்லாத கடன் அது!”

“அது எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. கட்டித்தான் ஆவணும்னு நெனச்சேன்.”

“கேட்டாதானே தெரியும்? அவன் செத்தத சொன்னாதானே கேக்க முடியும்?”

காற்று வந்தது. கித்தானின் ஓரம் எழுந்து அம்மாவின் தோளைத் தொட்டுவிட்டு அமர்ந்தது. அவள் அதைத் தள்ளவில்லை.

“இப்ப சொன்னா வீடு கெடைக்குமா?”

“கெடைக்கும்.”

“சொல்லலன்னா?”

“மாசக் கடைசியோட போயிடும். நம்ம இங்கயே கெடப்போம். நான் இன்னும் ரெண்டு வருஷம் சேக்கணும்.”

அம்மா வெகுநேரம் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அந்தச் சின்ன ரூமுக்கு ஒரு கட்டில் பாத்து வெச்சிருந்தேன்,” என்றாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். அலமாரியில் செல்வாவின் சட்டைகளுக்கு அடியிலிருந்து ஒரு உறையை எடுத்து வந்தாள். ஷாமளா கை நீட்டினாள். அம்மா தரவில்லை.

“நாளைக்கு நானும் வரேன். நீ சொல்லாத. நான்தான் சொல்லணும். அந்தப் பொண்ணுக்கு அவனக் காட்டனது நான்தானே.”

மறுநாளும் அதே நல்ல சேலையைத்தான் கட்டினாள். பவுடர் போடவில்லை. கவுண்டருக்குப் போனதும் லோஷினி எழுந்தே நின்றுவிட்டாள். உறையைப் பார்த்து அவளுக்கு ஒரே மகிழ்ச்சி.

“ஆன்ட்டி! பத்திரிகையா? எனக்குத்தான் மொதல்ல தரேன்னீங்க, பாத்தீங்களா, ஞாபகம் வெச்சிருக்கீங்க!”

“பிரிச்சுப் பாரும்மா,” என்றாள் அம்மா.

லோஷினி பிரித்தாள். படித்தாள். சிரிப்பு மட்டும் உடனே போகவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. தேதி இருந்த இடத்துக்கு அவள் விரல் போனது. அம்மாவைப் பார்த்தாள். ஷாமளாவைப் பார்த்தாள். மறுபடி தேதியைப் பார்த்தாள்.

“ஆன்ட்டி... அண்ணன் எப்ப...”

“நேத்து,” என்றாள் அம்மா. “நேத்து சாயங்காலம்தாம்மா.”

லோஷினி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒரு நாளும் பார்க்காத ஒருவனுக்காக அழுதாள். செல்வாவின் சாவில் ஊரே அழுதது; ஆனால் மாப்பிள்ளை ஆகப்போனவனுக்காக, மழையில் கடல் பாலத்தைத் தாண்டியவனுக்காக அழுதவள் இவள் ஒருத்திதான். அம்மா கவுண்டருக்கு மேலே கையை நீட்டி அவள் தலையைத் தடவினாள். துக்கம் கேட்க வந்தவளைத் தேற்றுவது போலத் தடவினாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நேராகக் குளியலறைக்குப் போய்ச் சேலையோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். செல்வாவை எடுத்த அன்று எவ்வளவு இழுத்தும் அவள் தலைமுழுகவில்லை. இப்போது தண்ணீர்ச் சத்தம் நிற்கவே இல்லை. வெளியே ஷாமளா சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

லோஷினி மேலிடத்தில் நச்சரித்து வேலையை நகர்த்தினாள். விஜயன் வீட்டுக்காரரிடம் பேசிக் கொஞ்ச நாள் அவகாசம் வாங்கித் தந்தார். கட்டிய பணம் திரும்பி வந்தது. டெபாசிட் அதில் நிறைந்தது. பழைய இரும்பு லாரி வந்து மோட்டாரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனபோது அம்மா வெளியே வரவில்லை. அது சாய்ந்திருந்த சுவரில் துரு ஒரு உருவமாக இறங்கியிருந்தது. ஷாமளா அதன்மேல் சுண்ணாம்பு அடித்தாள். காய்ந்த பிறகும் தெரிந்தது.

புது வீட்டில் செல்வாவின் படத்தை முன்கூடத்தில் மாட்டினார்கள். சின்ன அறையில் எதையும் வைக்கவில்லை. கதவைச் சாத்தியே வைத்திருந்தார்கள். ஆனால் யாரும் திறக்காமலே சில மத்தியானங்களில் அது திறந்திருக்கும். தோட்டத்துக் காற்றுதான். காற்று நல்லா வருது என்று அம்மா முதல் நாளே சொன்னாள்.

குடிவந்து சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா மீன் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். சாமி மேடைக்குப் பக்கத்தில் கிடந்த செல்வாவின் கைப்பேசி ஒலித்தது. ஷாமளா எடுத்தாள். புதிய பெண் குரல், வேறு ஏதோ கம்பெனி. என்சிக் செல்வா இருக்கிறாரா? பழைய கடனை ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்குப் புது மோட்டார் சலுகை விலையில் தருகிறார்கள்.

சமையல்கட்டில் கரண்டிச் சத்தம் நின்றது. அம்மா திரும்பவில்லை. அவள் முதுகு காத்திருந்தது.

எண்ணை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல ஷாமளா வாயைத் திறந்தாள். சின்ன அறையின் கதவு மெல்ல, ஒரு கை அகலத்துக்குத் திறந்துகொண்டது.

“டியா பெர்கி கெர்ஜா,” என்றாள்.

கரண்டி மறுபடி சட்டியில் சுற்றத் தொடங்கியது.

“அப்படியா,” என்றது அந்தக் குரல். “எத்தனை மணிக்கு வருவார்?”

அம்மா அடுப்பைச் சிறிதாக்கினாள், பதில் கேட்பதற்காக.