மீதிக் கிச்சடி

என் மருமகள் கிஞ்சல்மேல் எனக்குச் சந்தேகம் வந்து பதினைந்து நாளாகிறது. சும்மா வரவில்லை. என் கால் கட்டைவிரலில் புண் ஆறவேயில்லை. "ரெண்டு மாசம் பாப்போம் ஹசுமதிபென். சர்க்கரை இறங்கலன்னா விரலை எடுத்துடணும்" என்று டாக்டர் ஏதோ நகம் வெட்டுகிற மாதிரிச் சொல்லியிருந்தார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அதே முந்நூறு. தட்டில் இரண்டு ரொட்டி, ஒரு கரண்டி பருப்பு, இனிப்பு கிடையாது. அப்புறம் எப்படி? நான் சாப்பிடாததை எனக்குள் யாரால் போட முடியும்? சமைக்கிறவளால்தான் முடியும்.

பருப்பில் நெய்யைக் கொட்டுகிறாளோ என்று நெய் ஜாடியில் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். மறுநாளே கண்டுபிடித்துவிட்டாள்.

"மம்மி, ஜாடில யாரோ கோடு போட்டிருக்காங்க. எலியா இருக்குமோ?"

"எலி பென்சில் வச்சிருக்குமா?"

"நம்ம வீட்டு எலி வச்சிருக்கும்."

வாய் அதிகம். நெய்யோ கோட்டை விட்டு அதிகம் இறங்கவில்லை.

அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. கொஞ்ச நாளாகச் சாயங்காலம் எல்லாரும் சாப்பிட்டு எழுந்ததும் பாத்திரங்கள் துடைத்து வைத்ததுபோல் காலியாக இருக்கின்றன. முன்பெல்லாம் இரண்டு கரண்டி கிச்சடியாவது மிஞ்சும். அந்த நேரம் பார்த்து இவள் கையில் ஒரு பையோடு கீழே போகிறாள். அம்மா வீட்டுக்குக் கடத்துகிறாள் என்று முடிவு கட்டினேன். நேற்று விரல் வலியோடு மூன்று மாடி இறங்கிப் பின்னாலேயே போனேன்.

வாட்ச்மேன் மனைவி ஜம்னா தட்டை ஏந்திக்கொண்டு நின்றாள். கிஞ்சல் பையிலிருந்த தூக்கைத் திறந்து கிச்சடியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரைக் கேட்டு எடுத்துட்டு வந்தே?"

"யாரையும் கேக்கல மம்மி. கேட்டிருந்தா நீங்களே சாப்பிட்டிருப்பீங்க."

"நானா? என் தட்டுல ரெண்டு ரொட்டிக்கு மேல பாத்திருக்கியா?"

"தட்டுல ரெண்டுதான். சட்டில? பொழுது சாயுறதுக்குள்ள மீதி எல்லாத்தையும் நின்னுக்கிட்டே வழிச்சு வாயில போட்டுக்குவீங்களே, அதையும் எலியா தின்னுச்சு?"

ஜம்னா சிரிப்பை முந்தானையில் மறைத்தாள். எனக்கு முகம் எரிந்தது. ஜைன வீட்டில் இருட்டியபின் வாயில் எதுவும் படக்கூடாது. சமைத்ததை மறுநாளுக்கு வைக்கக்கூடாது, கொட்டவும் கூடாது. அதனால் நான் சட்டியைக் காலி செய்தது தர்மம். அதைச் சாப்பாடு என்று நான் ஒருநாளும் கணக்கில் சேர்த்ததில்லை.

படியேறும்போதுதான் கோபம் இறங்கியது. பத்தொன்பது வயதில் இந்தக் குடும்பத்துக்கு வந்தேன். பதினோரு பேருக்குப் பரிமாறி என் முறை வருவதற்குள் பல நாள் சூரியன் போய்விடும். விடியும்வரை வெறும் வயிறு. இன்றும் ஜன்னலில் வெயில் மஞ்சளானால் பசி இருக்கிறதா என்று கேட்காமலே என் கை சட்டிக்குப் போகிறது. அது பசியே இல்லை, பயம். நாற்பது வருஷமாக அந்தப் பயத்துக்குத்தான் சோறு போட்டிருக்கிறேன்.

இன்று நானே மீதியைத் தூக்கில் போட்டு மூடினேன். கை ஒருமுறை கரண்டியைத் தேடியது. திட்டி நிறுத்தினேன்.

திரும்பிப் பார்த்தால், எங்கள் எல்லாருக்கும் போட்டு முடித்த கிஞ்சல் அடுப்பு ஓரமாக நின்று ஒரு ரொட்டியைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தாள். கண் ஜன்னலிலேயே இருந்தது.

"என்னடி இது?"

"நேரமாச்சு மம்மி."

"நாளையிலேர்ந்து எல்லாருக்கும் முன்னாடி நாம ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிடுறோம்."

"அப்போ பப்பாவுக்கு யாரு பரிமாறுவா?"

"உன் மாமனாருக்குக் கை ரெண்டும் நல்லாத்தானே இருக்கு. விரல் போகப்போறது எனக்குத்தான்."