இருபதாவது படியில் துளசிமணி அக்கா

எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் படிக்கட்டு வரைந்தால், அது மேஜைக்குப் பக்கத்திலேயே எழுந்து நிற்கும். வரைந்து முடிப்பதற்குள் யாராவது ஏறிவிடுவார்கள். அதனால் முதலில் கைப்பிடி, பிறகுதான் படி என்று ஒரு விதி உண்டு. அந்த விதியைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். யாரும் அதைப் படிப்பதில்லை.

நான் கோகிலவாணி. படிக்கட்டுப் பிரிவு. கதவுப் பிரிவில் ஆறு பேர், கழிப்பறைப் பிரிவில் நாலு பேர், படிக்கு நான் ஒருத்திதான். பதினோரு வருஷமாக வரைகிறேன். பீற்றிக்கொள்வதற்காகச் சொல்லவில்லை, கோயம்புத்தூரில் என் படியில் தடுக்கி விழுந்தவர் ஒருவரும் கிடையாது. விழுந்தவர்கள் எல்லோரும் வேறு யாரோ வரைந்த படியில் விழுந்தவர்கள்.

அன்று புதன்கிழமை. காலை ஒன்பதே காலுக்குத் துளசிமணி அக்கா உள்ளே வந்தார். ஒரு கையில் பால் குண்டா. இன்னொரு கையில் ஒற்றை அடுப்பும் குட்டி சிலிண்டரும். மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தொரு வருஷமாக வாடகை வீடு. ஒன்பது வீடு மாறியாகிவிட்டது. இப்போது இருக்கும் வீட்டைச் சாயங்காலத்துக்குள் காலி செய்ய வேண்டும். சாமான்கள் எல்லாம் டெம்போவில் ஏறி எங்கள் வாசலில் நின்றன.

அவருடைய புது வீட்டை நாங்கள்தான் வரைந்தோம். கீழே வண்டி நிறுத்த இடம், மேலே வீடு. பத்தே காலுக்குள் மேலே பால் பொங்க வேண்டும். பொங்கினால் வீடு அவருடையது. பொங்காவிட்டால் வீடு திரும்பக் கம்ப்யூட்டருக்குள் போய்விடும். மறுநாள் ஆடி பிறக்கிறது. ஆடியில் எந்த வீடும் வெளியே வராது.

"ஏனம்மிணி, படி ஆச்சா?"

"ஆச்சுங்க்கா. இருபத்தொண்ணு. ஒத்தப்படை. கண்ண மூடிட்டு ஏறுங்க."

"பொன்னு கெடச்சாலும் பொதன் கெடைக்காதும்பாங்க" என்று சொல்லிக்கொண்டே அக்கா ஏறினார். நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டார்.

"லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம்..."

எங்கள் பக்கத்தில் படியை இப்படித்தான் எண்ணுவோம். முதல் படி லாபம், அடுத்தது நஷ்டம். கடைசிப் படி லாபத்தில் முடிய வேண்டும். ஒற்றைப்படையில் போட்டால் தீர்ந்தது. இதில் ஒரு கஷ்டமும் இல்லை என்றுதான் பதினோரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்காவின் குரல் "நஷ்டம்" என்ற இடத்தில் நின்றது.

"அம்மிணி."

"சொல்லுங்க்கா."

"இது இருபது."

"அடுத்ததையும் மிதிங்க்கா. இருபத்தொண்ணு."

"அடுத்தது வூடல்லோ?"

"மேல் தளமும் ஒரு படிதானுங்க்கா. கம்ப்யூட்டர் அப்படித்தான் எண்ணும்."

"தளம் எப்படி அம்மிணி படியாகும்? நஷ்டத்துல ஒரு கால வெச்சுட்டு, இன்னொரு கால வூட்டுக்குள்ள வெக்கச் சொல்றயா? செத்தாலும் மாட்டேன்."

அக்கா இருபதாவது படியிலேயே நின்றுகொண்டார். நான் முதலாளியிடம் போனேன்.

முதலாளி நவநீதன் சார் அன்று ஜன்னலாக இருந்தார். புதன்கிழமைகளில் அப்படித்தான். நாலுக்கு நாலரை, இரண்டு கதவு, கொசுவலை உண்டு. தட்டினேன். ஒரு கதவைத் திறந்தார்.

"காத்து வருதா?"

"வருது சார்."

"அப்ப நான் சரியாத்தான் இருக்கேன்."

"படி நஷ்டத்துல நிக்குது சார்."

"ஒண்ணு சேத்து விடு."

பேசி முடித்ததும் கதவை மூட மறந்துவிட்டார். சார் எப்போதும் இப்படித்தான்.

ஒரு படி சேர்த்தேன். இருபத்திரண்டு ஆனது. உடனே திரையில் ஒரு பெட்டி எழுந்தது. 'இருபத்திரண்டு என்றால் நஷ்டம். எனக்கு மனசு கேட்கவில்லை. நானே ஒன்று சேர்த்துவிட்டேன்' என்று அதில் எழுதியிருந்தது. கீழே இரண்டு பொத்தான்கள். 'சரி', 'சரிங்க'. மரியாதைக்கு 'சரிங்க'வை அழுத்தினேன்.

இருபத்துமூன்று. தளத்தை விட்டுவிட்டு எண்ணினால் இருபத்திரண்டு. அக்கா இரண்டு படி ஏறி, மறுபடியும் நஷ்டத்தில் நின்றார். வீடு ஓர் அடி மேலே போயிருந்தது.

ஒரு படியின் உயரம் ஆறு அங்குலம். அதைக் கொஞ்சம் குறைத்தால் வீடு உயராது, அதே உயரத்துக்குள் இன்னொரு படியை நுழைத்துவிடலாம். ஆனால் ஆறு அங்குலத்தைப் பூட்டி வைத்திருந்தோம். சாவி மாரப்பன் மேஸ்திரியிடம். அவரைக் கூப்பிட்டேன். அவர் எப்போதும் அளவு டேப்போடுதான் வருவார்.

"மேஸ்திரி, சாவி?"

"என்ற பழைய சட்டைல இருக்குதுங்க."

"சட்டை எங்கீங்க?"

"நேத்து கான்கிரீட்ல உளுந்துருச்சு. இன்னும் இருபத்தோரு நாள் தண்ணி விடோணும்."

"இப்ப மணி என்னங்க?"

அவர் டேப்பை இழுத்துச் சுவர்க் கடிகாரத்தில் வைத்தார். "பத்தே காலுக்கு அரையடி இருக்குது."

பிறகு அவரும் படியை எண்ணினார். கீழே தரையில் கிடக்கும் கல்லையும் சேர்த்து எண்ண வேண்டும் என்றார். அவருடைய அப்பாவும் அப்படித்தான் எண்ணினாராம். அக்கா மேலிருந்து, "உங்கப்பன் எண்ணுன வூட்டுல உங்கப்பனே குடியிருக்கட்டும்!" என்றார். மேஸ்திரி டேப்பைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நானும் விடவில்லை. ஒன்று சேர்த்தேன். கம்ப்யூட்டர் ஒன்று சேர்த்தது. நான் ஒன்று, அது ஒன்று. முப்பத்தொன்று, நாற்பத்தைந்து, அறுபத்தொன்று. ஒவ்வொரு தடவையும் 'சரிங்க'. படிக்கட்டு எங்கள் கூரையைத் தாண்டிப் போனது. அப்போதுதான் கைப்பிடி போடவில்லை என்பது ஞாபகம் வந்தது.

கைப்பிடிக்கு ஒரு குணம் உண்டு. படி பிடித்திருந்தால் அதன்மேல் ஏறி உட்காரும். பிடிக்கவில்லை என்றால் தரையிலேயே படுத்துக்கொள்ளும். "சாமி, தங்கம், ஏறிக்கோ" என்று கெஞ்சி மவுஸை அழுத்தினேன். சில்வர் பைப் சரசரவென்று கிளம்பியது. படியில் அக்காவின் கைக்கு எட்டும்படி அறுபத்தோரு கம்பி நட்டது. அதோடு நின்றிருக்கலாம். உற்சாகம் தாங்காமல் கழிப்பறைப் பிரிவைச் சுற்றி, ரோட்டைத் தாண்டி, எதிர் பேக்கரிக்குள் போய் நின்றது. அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் அதில் சாய்ந்துகொண்டார்கள். நல்ல உயரம் என்றார்கள்.

பைப்பின் இன்னொரு முனை என் மேஜையில் இருந்தது. அதில் காதை வைத்தேன்.

"அம்மிணி, கேக்குதா?" அக்காவின் குரல்.

"கேக்குதுங்க்கா. தலை சுத்துதுங்களா?"

"சுத்துது. நல்லாருக்குது! மருதமல தெரியுது அம்மிணி! நான் குடியிருந்த ஒம்பது வூடும் தெரியுது. அத்தனையும் தீப்பெட்டியாட்டம் இருக்குது!"

அக்கா சிரித்தார். சிரிப்பு பைப்புக்குள் உருண்டு வந்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மேஸ்திரி சிரித்தார். கதவுப் பிரிவு ஆறு பேரும் காரணம் தெரியாமலே சிரித்தார்கள். பைப் வழியாகப் பேக்கரியிலிருந்து, "ரெண்டு டீ, ஒண்ணு சக்கரை கம்மி" என்று ஒரு குரல் வந்தது. "இது படிக்கட்டுங்க" என்றேன். "அப்ப மூணா போடுங்க" என்றது.

தொண்ணூற்றொன்பது ஆனது. அக்கா தொண்ணூற்றெட்டில் நின்றார். மேஸ்திரி டேப்பை வைத்து, "ரெண்டு அங்குலந்தான் இருக்குது" என்றார். வாசலில் டெம்போக்காரன் ஹாரன் அடித்தான். அவனுக்கு மத்தியானம் வேறு லோடு.

பைப்பில் அக்காவின் குரல் சின்னதாக வந்தது.

"அம்மிணி, நீ உடு. நான் எறங்கி வந்தர்றேன். சாயங்காலத்துக்குள்ள இன்னொரு வாடகை வூடு பாத்துக்கறேன். எனக்கென்ன, புதுசா?"

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. அந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. ஒற்றைப்படை போட்டால் தீர்ந்தது என்று பதினோரு வருஷம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தவள் நான்தான். கடைசிப் படி எது என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. சாரிடம் ஓடினேன்.

"சார், மேல் தளத்தையே அழிச்சுடறேன்."

"தளத்தை அழிக்கணும்னா, தளத்துல குடியிருக்கறவங்க கையெழுத்து வேணும்."

"அங்க யாருமே இல்ல சார்."

"அப்ப அந்த யாருமில்லாதவங்ககிட்ட வாங்கிட்டு வா."

சரி என்று திரும்பி வந்தேன். மேல் தளத்தைத் தேர்ந்தெடுத்தேன். அழித்தேன். கையெழுத்து இடத்தில் நானே ஒன்றும் எழுதாமல் விட்டேன். யாருமில்லாதவர்கள் அப்படித்தான் போடுவார்கள்.

உடனே பெட்டி எழுந்தது. 'மாடி இல்லாமல் படி எதற்கு? நான் வேண்டுமானால்...'

"வாய மூடு!" என்று கத்தினேன். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. பெட்டி மூடிக்கொண்டது. நான் ஒரே ஒரு படி சேர்த்தேன். ஒன்று ஒன்றாகவே நின்றது.

"அக்கா, மேல என்ன இருக்குது?"

"ஒண்ணுமே இல்ல அம்மிணி. வூட்டக் காணோம். ஒரு படி இருக்குது. அதுக்கு மேல வானம்."

"அந்தப் படி எத்தனாவது?"

எண்ணும் சத்தம் கேட்டது. "தொண்ணூத்தொம்பது. லாபம்."

"அதுக்கு மேல படி இல்லீங்க்கா. தளமும் இல்ல. அதுதான் உங்க வூடு. அடுப்ப வைங்க!"

படியின் அகலம் பத்து அங்குலம். அடுப்பை வைத்தால் ஆள் நிற்க இடமில்லை.

"அதனால என்ன?" என்றார் அக்கா. "நான் நஷ்டத்துல ஒக்காந்துக்கறேன். இத்தன நாள் ஒக்காரலியா? பால் லாபத்துல பொங்கட்டும்."

தீக்குச்சி கிழிக்கும் சத்தம். அணைந்தது. இன்னொன்று. அதுவும் அணைந்தது.

"காத்து அம்மிணி, காத்து!"

எனக்குச் சட்டென்று புரிந்தது. ஓடிப்போய்ச் சாரை அறைந்து சாத்தினேன். கொக்கியும் போட்டேன். உள்ளே, "கோகிலவாணி, நான் உன்ற முதலாளி" என்றார். "ஆமா சார்" என்றேன். கோயம்புத்தூரில் காற்று நின்றது.

அடுப்பு பற்றியது. நாங்கள் எல்லோரும் பைப்பைச் சுற்றிக் குனிந்து நின்றோம். எதிர்ப்பக்கம் பேக்கரிக்காரர்களும் குனிந்திருந்தார்கள். யாரும் மூச்சு விடவில்லை. மேஸ்திரி டேப்பைக் கடிகாரத்தில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அரை அங்குலம்" என்றார். "கால்."

"பொங்கிருச்சு!" என்று பைப் அதிர்ந்தது. "அம்மிணி, பொங்கிருச்சு! பொங்கி வழியுது!"

பேக்கரியில் கைதட்டினார்கள். கழிப்பறைப் பிரிவில் ஒருவர் விசிலடித்தார். பால் தொண்ணூற்றொன்பதாவது படியிலிருந்து இறங்கி வந்தது. லாபம் நஷ்டம் பார்க்காமல் எல்லாப் படியையும் ஒரே மாதிரி நனைத்தது. கீழே கிடந்த கல்லையும் நனைத்தது. மேஸ்திரி என்னைப் பார்த்து, "சேத்துத்தான் எண்ணுது" என்றார். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீடு அக்காவுடையதாகிவிட்டது. ஆனால் வீட்டில் ஒன்றுமே இல்லை. சுவர்ப் பிரிவு விடுமுறையில் இருந்தது. கதவு ஒன்றுதான் உடனே ஆகக்கூடியது. ஆறு பேரும் சேர்ந்து ஒரு கதவை வரைந்து, தோளில் சுமந்துகொண்டு ஏறினார்கள். மாமரக் கதவு, பித்தளைத் தாழ்ப்பாள். கடைசிப் படியில் நிறுத்தி, வானத்தில் கீல் அடித்தார்கள். நன்றாகவே பிடித்துக்கொண்டது. அக்கா உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார். தாழ்ப்பாள் போடும் சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

நாங்கள் டெம்போவிலிருந்து சாமான்களை இறக்கினோம். மேஸ்திரி கட்டிலைத் தூக்கிக்கொண்டார். கழிப்பறைப் பிரிவு ஆளுக்கொரு பாத்திரம். நான் மிக்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறினேன். பதினோரு வருஷத்தில் நான் வரைந்த படியில் நானே ஏறுவது இதுதான் முதல் தடவை. கால் வழுக்கியது. பால் வாசம் அடித்தது. எண்ணவே இல்லை, குதித்துக் குதித்து ஏறினேன்.

கதவைத் தட்டினேன்.

"யாருங்க அது?"

"நாந்தானுங்க்கா, கோகிலவாணி. மிக்சி கொண்டாந்திருக்கறேன்."

உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அம்மிணி, இன்னொருக்காத் தட்டு."

தட்டினேன்.

"யாருங்க அது?" இந்தத் தடவை குரல் கொஞ்சம் அதட்டலாக வந்தது.

"நாந்தானுங்க்கா."

"நல்லாத் தட்டு அம்மிணி. என்ற கதவு. ஒண்ணும் ஆவாது."

இரண்டு கையாலும் தட்டினேன். எனக்குப் பின்னால் கட்டிலோடு நின்ற மேஸ்திரி, "நானும் ஒருக்காத் தட்டட்டுங்களா?" என்று கேட்டார். விலகி வழி விட்டேன். தட்டினார். "யாருங்க அது?" என்று உள்ளிருந்து வந்தது. அவர் வெட்கப்பட்டுக்கொண்டு முழுப் பெயரையும் ஊரையும் சொன்னார். கதவுப் பிரிவு தட்டியது. கழிப்பறைப் பிரிவு தட்டியது. பேக்கரிக்காரர்கள் டீ டம்ளரோடு ஏறி வந்து வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். படி முழுக்க வரிசை நின்றது. ஒருவரும் உள்ளே போகக் கேட்கவில்லை.

மறுபடியும் என் முறை வந்தது. மிக்சியைக் கீழே வைத்துவிட்டுப் படபடவென்று தட்டினேன்.

"இருங்க, வரேன்" என்றார் வீட்டுக்காரம்மா. "எதுக்கு இத்தன அவசரம்? வூட்டுல ஆள் இருக்குதல்ல?"