தூசிப் பாட்டு

கையில் அகப்பட்டதையெல்லாம் தட்டிக்கொண்டே இருப்பான் என்பதால் சின்ன வயதிலேயே அவனுக்குத் தாளம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வளர்ந்த பிறகு கம்ப்யூட்டரில் இசை செய்வதே அவன் பிழைப்பாயிற்று. அவனும் ஒரு பாடகியும் சேர்ந்து எலக்ட்ரானிக் பாப் ஆல்பம் ஒன்றில் இறங்கியிருந்தார்கள். காற்று, குடிநீர், குப்பைமேடு என்று பாட்டுக்கொரு சங்கதி. வரியும் குரலும் அவளுடையவை. மற்ற சத்தமெல்லாம் இவன் பொறுப்பு.

'தூசி' என்ற பாட்டுக்காக சிமெண்ட் ஆலையின் இரைச்சலைப் பதிவு செய்ய அக்கா வீட்டுக்குப் போனான். ஆலை மதிலுக்கு அடுத்த தெருவில்தான் அவள் குடியிருந்தாள். ஜன்னலோரம் மைக்கை வைத்து ஓடவிட்டிருந்தபோது, பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த அக்காவுக்கு இருமல் வந்தது. வறட்டு இருமல். மூன்று சின்னது, ஒரு பெரியது. மறுபடி மூன்று சின்னது, ஒரு பெரியது. தண்ணீர் கொடுக்கலாமென்று எழுந்தவன், பதிவு கெட்டுவிடுமே என்று அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

வீடு திரும்பியதும் அந்த இருமலை வெட்டி, ஒட்டி, எதிரொலி சேர்த்தான். பாடகி கேட்டுவிட்டு நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினாள்.

"இது என்ன சத்தம்? உக்காந்திருக்கிறவங்களைக்கூட எழுப்பி ஆடவிட்டுடும் போலிருக்கே."

"ஆலையில ஏதோ மெஷின்" என்றான். அப்போது அவனுக்கு நாக்குக் கூசவில்லை.

ஆல்பம் வெளிவருமுன் வேண்டியவர்களுக்குப் போட்டுக் காட்ட ஒரு மதியம் ஸ்டுடியோவில் கூடினார்கள். தூசியில் குடியிருக்கிறவர்கள் இல்லாமல் தூசிப் பாட்டா என்று பாடகிதான் அக்காவை அழைத்திருந்தாள். தம்பியைப் பற்றிய பெருமை முகத்தில் வழிய அக்கா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

பாட்டு தொடங்கியது. தலைகள் ஆடின. ஒருவர் தொடையைத் தட்டினார். அக்காவும் கொஞ்ச நேரம் தலையாட்டினாள். பிறகு தலை நின்றது. மெல்லத் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் குனிந்து வயர்களைப் பார்த்தான்.

அந்த நேரம் பார்த்து அவளுக்கு நிஜமாகவே இருமல் வந்துவிட்டது. பாட்டு கெட்டுவிடக் கூடாதென்று கைக்குட்டையை வாயில் அடைத்து, தோள் குலுங்க, கண்ணில் நீர் முட்ட அடக்கினாள். ஸ்பீக்கரில் அவளுடைய இருமலே தாராளமாக முழங்கிக்கொண்டிருந்தது.

தாளத்துக்கு உடம்பெல்லாம் கூசிக் குறுகிப் போயிற்று. பாட்டை நிறுத்தினான்.

"என்னாச்சு?" என்றாள் பாடகி.

"அது மெஷின் இல்ல. அக்கா இருமினது. கேக்காம எடுத்துட்டேன். உன்கிட்டயும் பொய் சொல்லிட்டேன்."

தொடையைத் தட்டியவர் கையை மடக்கிக்கொண்டார். அக்கா வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லியிருந்தா இன்னும் நல்லா இருமிக் குடுத்திருப்பேனே, தம்பி." இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "பாட்டு நல்லாத்தான் இருக்கு. எனக்கே தலை ஆடிச்சு. அதான் என்னமோ மாதிரி இருக்கு."

"எடுத்துடறேன்க்கா."

"அது உன் இஷ்டம்." கைக்குட்டையை மடித்துக்கொண்டே கேட்டாள்: "அன்னைக்கு நான் இருமினப்ப நீ பக்கத்து ரூம்லதானே இருந்த?"

அவன் மறுபடி குனிந்து வயர்களைச் சுருட்டத் தொடங்கினான்.

அதன்பின் இருமலை எடுத்துவிட்டு ஆலை இரைச்சலைப் போட்டுப் பார்த்தான். தகரத்தைத் தட்டிப் பார்த்தான். எதுவும் ஒட்டவில்லை. பாடகியும் முன்போல முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் அந்தப் பாட்டு இல்லாமலே ஆல்பம் வந்தது. மனசாட்சியுள்ள இசை என்று யாரோ விமர்சனம் எழுதியிருந்தார்கள். பாதியிலேயே அதை மூடிவிட்டான்.

அந்த வாரமே அக்காவை நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப்போனான். மறுபேச்சில்லாமல் கூட வந்தாள். வழியெல்லாம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியே பேசினாள். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்து, "எங்க, கொஞ்சம் இருமுங்க" என்றார்.

அக்கா மூச்சை இழுத்தாள். இருமவில்லை. தம்பி பக்கம் திரும்பினாள்.

"நீ கொஞ்சம் வெளிய இருக்கியாப்பா?"

அவன் வெளியே வந்து, கதவைத் தானே இழுத்துச் சாத்தினான்.