அரை நொடி

தலைவர் மைக்கை மூன்றாவது முறையாகத் தட்டியபோது மணி மூன்று ஐம்பத்திரண்டு.

"ஹலோ, ஹலோ... கேக்குதா?"

தெருக்கோடி வரைக்கும் கேட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தவர் மட்டும்தான் பாக்கி.

மகள் அப்பாவின் ஸ்டாப் வாட்ச்சை உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பையில் மூக்குக் கண்ணாடி, பல்செட், இந்தச் சாவி கொடுக்கிற பழைய வாட்ச் ஆகிய மூன்றும் இருந்தன. நான்கு மணிக்கு வண்டி. நாலரைக்கு மயானத்தில் நேரம் வாங்கியிருந்தாள். அப்பா ஆயுளில் எங்கேயும் தாமதமாகப் போனதில்லை. கடைசியாகப் போகிற இடத்துக்காவது தாமதமாகப் போகட்டும் என்று அவர் வேலை பார்த்த கல்லூரி முடிவு செய்துவிட்டது போலிருந்தது.

கல்லூரி என்றால் தலைவர். மூன்று வருடம் மாணவர், பதினெட்டு வருடம் முன்னாள் மாணவர் சங்கத் தலைவர். படித்ததைவிட ஆறு மடங்கு காலம் படித்து முடித்ததிலேயே பெயர் வாங்கியவர். பெண்கள் கூடைப்பந்து அணிக்கும் அவரே புரவலர். அவர் பந்தைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. கோப்பையைத் தொடாமல் விட்டும் யாரும் பார்த்ததில்லை.

"சார், வண்டி வந்துடுச்சு."

"அஞ்சே நிமிஷம்மா. டீம் வந்துட்டிருக்கு. இன்னைக்கு மேட்ச் இல்லையா? ஜெயிச்சு, கோப்பையைக் கொண்டுவந்து சார் காலடியில வைக்கணும்னு பொண்ணுங்களுக்கு ஆசை."

"இது லீக் மேட்ச் சார். இதுக்குக் கோப்பையே கிடையாது."

"ஒரு பேச்சுக்குச் சொன்னேம்மா."

எல்லாமே பேச்சுக்குத்தான். அணி கடைசியாக ஜெயித்து இரண்டு வருடமாகிறது. தொடர்ந்து இருபத்தாறு தோல்வி. இருபத்தாறையும் அப்பா கேலரியில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, வாட்ச்சைக் கையில் வைத்து நேரம் பார்த்தார். யாரும் கேட்காத நேரம்.

கேட்ட காலமும் உண்டு. அப்பாவுக்குக் கல்லூரியில் சம்பளம் இயற்பியல் ஆய்வக உதவியாளருக்கு. வேலை முழுக்க மைதானத்தில். இருபது வருடம் அவர்தான் டைம் கீப்பர். பந்து கைக்கு வந்தால் இருபத்துநான்கு நொடிக்குள் கூடையை நோக்கி எறிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு என்பது ஆட்டத்தின் விதி. அந்த விதியை அப்பா வீட்டுக்கும் கொண்டுவந்து சேர்த்தார். யார் என்ன குறை சொன்னாலும் இருபத்துநான்கு நொடி. அப்புறம் விரல் உயரும். பேச்சு அடுத்தவருக்குப் போய்விடும். அம்மா அந்த நேரத்துக்குள் அப்பாவின் மூன்று தலைமுறையைத் திட்டி முடிக்கப் பழகிவிட்டாள். மகளுக்கு வரவில்லை. முன்னுரையிலேயே நேரம் தீர்ந்துபோகும்.

நான்கு நாட்களுக்கு முன்னால், நெஞ்சைத் தடவிக்கொண்டே மேட்சுக்குக் கிளம்பியவரை வாசலில் மறித்தாள். "டாக்டர் என்ன சொன்னாரு? அவங்க தோக்கறதைப் பாக்க நீங்க போகணுமா? அந்தக் காலேஜ் உங்களுக்கு என்ன செஞ்சுது? நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

விரல் உயர்ந்தது. "டைம் முடிஞ்சுதும்மா."

போனார். கேலரியிலிருந்து நேராக ஆஸ்பத்திரி. திரும்பி வந்தது பை.

தலைவர் வரலாற்றைத் தொடங்கியிருந்தார். அறுபது ஆண்டு கால வீர வரலாறு. அறுபது ஆண்டில் மூன்று கோப்பை. அதில் ஒன்று, எதிரணியின் வேன் வழியில் பழுதாகி நின்றுவிட்டதால் கிடைத்தது. தலைவரின் பேச்சிலும் அந்த வேன் வந்து சேரவில்லை.

பெட்டியின் அருகே உட்கார்ந்திருந்த அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏண்டி, இந்த மனுஷன் எப்ப முடிப்பாரு?"

"இப்பதாம்மா நாப்பதாவது வருஷத்துக்கு வந்திருக்காரு."

"உங்கப்பா இருந்திருந்தா விரலைத் தூக்கியிருப்பாரு."

மணி நான்கு பத்து. வண்டிக்காரர் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வரலாறு கேட்க அவருக்கு ஆட்சேபணை இல்லை.

"பதினோரு ஆண்டுகளுக்கு முன், அந்த இறுதிப் போட்டியில், நம் கைக்கெட்டிய வெற்றியை விதி தட்டிப் பறித்தது!"

மகளுக்குக் காது சூடானது. தட்டிப் பறித்தது விதியல்ல; உள்ளே படுத்திருப்பவர். ஒரு புள்ளி பின்தங்கியிருந்த நேரம். அணித்தலைவி கடைசி நொடியில் எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தது. ஹாரன் அடித்த பிறகு எறிந்தாளா, முன்பா? பலகைக்கு மேல், நேரம் முடிந்ததும் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு அன்று எரியவில்லை. நடுவர் மேசைக்கு வந்து அப்பாவைக் கேட்டார். சொந்தக் கல்லூரி முழுக்கத் துள்ளிக் குதித்துக்கொண்டிருக்கும்போது அப்பா சொன்னார்: "ஹாரன் அடிச்சப்ப பந்து கையில இருந்துச்சு. அரை செகண்ட் லேட்டு."

அடுத்த வாரமே, அவருடைய முதிர்ந்த வயதை மதித்து ஓய்வளிப்பதாகத் தலைவர் கையெழுத்தில் கடிதம் வந்தது. டைம் கீப்பர் மேசை போய், பந்து வைக்கிற அறையின் சாவி வந்தது. அப்பா சண்டை போடவில்லை. நீ சொன்னது சரி என்று கல்லூரியில் யாராவது ஒருவர் சொல்வார்கள் என்று காத்திருந்தார். பதினோரு வருடம்.

கல்லூரியை மட்டும் சொல்லி என்ன? அன்று மாலை அவளே கேட்டாளே: "அரை செகண்டுதானேப்பா? விட்டிருந்தா என்ன குடி முழுகிப்போயிருக்கும்?" அப்பா விரலை உயர்த்தவில்லை. வாட்ச்சைக்கூடத் தொடவில்லை. அந்தக் கேள்வியை அவள் இன்றுவரை திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

நேராகப் போய்த் தலைவர் பக்கத்தில் நின்றாள். "சார், ஒண்ணே ஒண்ணு. அந்த ஃபைனல்ல அப்பா சொன்னது சரின்னு சொல்லிடுங்க. போதும். நாங்க எடுத்துடறோம்."

தலைவர் மைக்கைக் கையால் மூடினார். அறுபது வருடக் கதையை இருபது நிமிடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் கேட்டார்: "இப்ப எதுக்கும்மா அந்தப் பழைய கதை?" குரலைத் தாழ்த்தி, பெருந்தன்மையோடு அவள் தோளைத் தட்டினார். "மனசுல வச்சுக்காதே. அப்பாவை நாங்க எப்பவோ மன்னிச்சுட்டோம்."

அவள் திறந்த வாய் மூடவில்லை. அதற்குள் மைக் திறந்துவிட்டது.

நாலு இருபத்தாறுக்குக் கல்லூரி வேன் வந்து நின்றது. வியர்வை காயாத பனியனோடு பெண்கள் இறங்கி, எங்கே நிற்பது என்று தெரியாமல் சுவரோரமாக ஒண்டினார்கள். யாரும் கேட்கவில்லை, முகத்திலேயே எழுதியிருந்தது. இருபத்தேழு. கடைசியாக இறங்கியவள் பயிற்சியாளர். அன்று அந்தப் பந்தை எறிந்த அணித்தலைவி. பதினோரு வருடமாக அப்பாவை எதிரில் பார்த்தால் வழிமாறிப் போகிறவள்.

"இதோ, நம் வீராங்கனைகள்!" என்றார் தலைவர்.

பயிற்சியாளர் அவரைத் தாண்டி நேராகப் பெட்டியிடம் வந்தாள். குனிந்தாள். மகளின் கட்டைவிரல், பழக்க தோஷம், வாட்ச்சை அழுத்திவிட்டது.

"நாப்பத்தொரு பாயிண்டுல தோத்துட்டோம் சார்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அன்னைக்குப் பந்து கையிலதான் சார் இருந்துச்சு. எனக்குத் தெரியும். நீங்க சொன்னது சரி."

ஒன்பது நொடி.

மகள் அவள் முழங்கையைப் பிடித்தாள். "இதை மைக்ல வந்து சொல்லு. வாம்மா."

பயிற்சியாளர் தலைவரைப் பார்த்தாள். சுவரோரம் நின்ற பெண்களைப் பார்த்தாள். "வேலை போயிடும்க்கா."

"அவரு பதினோரு வருஷம் காத்திருந்தாரு."

"அவருக்கு அது அன்னைக்கே தெரியும்க்கா. சொல்லத் தெரியாம இருந்தது நம்மளுக்குத்தான்."

மகளுக்கு அவளை அறைய வேண்டும்போல இருந்தது. பிடித்த கையை விட்டாள்.

"இறுதியாக, குடும்பத்தின் சார்பில் நன்றியுரை," என்று தலைவர் மைக்கை நீட்டினார்.

அவள் அதை வாங்கவில்லை. பெட்டியின் மூடியைத் திறக்கச் சொன்னாள். வாட்ச்சின் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி அழுத்தினாள். அப்பாவின் காதருகே குனிந்தாள். உதடு பிரிந்தது. ஐந்து. பத்து. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று பார்த்தாள். பதினெட்டு. "அப்பா, அன்னைக்கு நான்..."

இருபத்துநான்கு.

நிமிர்ந்தாள். வாட்ச்சை அவருடைய சட்டைப் பையில் போட்டாள்.

"எடுங்க."

யாரும் சொல்லாமலே அணிப் பெண்கள் வந்து தூக்கினார்கள். ஆளுக்கு ஆள் உயரம் சரியாக இருந்ததால் அவர் கொஞ்சமும் சாயாமல் போனார். அம்மாவும் மகளும் கூடவே வண்டியில் ஏறிக்கொண்டார்கள். வண்டி தெருமுனை திரும்பும்வரை தலைவரின் குரல் கேட்டது. ஒலிபெருக்கிக்காரருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். அதன்பிறகு வண்டிக்குள் டிக் டிக் என்ற சத்தம் மட்டும் இருந்தது.

"நிறுத்த மறந்துட்டியாடி?"

மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா சட்டைப் பைவரை கையை நீட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.